டிராயரில் ஒன்பது நாளாகப் பிரிக்காமல் கிடக்கும் மாத்திரை: டாக்டருடன் உட்கார்ந்து எப்படி எடை போடுவது?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வரிகளை எடுத்துவிட்டோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட். பேர், ஊர் எதுவும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால சொல்லலை. வயசு 26, ஐடி வேலை. ரெண்டு மாசமா ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்லை. காலையில ஸ்டாண்ட்-அப் கால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அழுதுட்டு, முகம் கழுவிட்டு வந்து உட்கார்ந்து, "நோ பிளாக்கர்ஸ் ஃப்ரம் மை சைடு"ன்னு சொல்றாங்களாம். ஒருவழியா தைரியம் வந்து சைக்யாட்ரிஸ்ட் ஒருத்தரைப் பார்த்திருக்காங்க. எட்டு நிமிஷம் பேசினாராம். கையில ஒரு சீட்டு. மாத்திரையை வாங்கிட்டு வந்து டிராயர்ல வச்சாங்க. ஒன்பது நாள் ஆச்சு, இன்னும் பிரிக்கலை.

அவங்க சொன்ன கடைசி வரி: "சாப்பிடவும் பயமா இருக்கு, தூக்கிப் போடவும் பயமா இருக்கு."

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதறவன். சாப்பிடுங்கன்னோ சாப்பிடாதீங்கன்னோ இந்த எபிசோட்ல சொல்லப் போறது இல்லை. ஆனா மூணு வருஷம் முன்னாடி எனக்கும் இதே மாதிரி ஒரு டிராயர் இருந்துச்சு. அப்போ தப்பா பண்ணினதையும், அதுக்கப்புறம் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்க

அவங்க ஸ்ட்ரிப்போட போட்டோவும் அனுப்பியிருந்தாங்க. முன்னாடி பெருசா இருக்கிற பிராண்ட் பேரை விடுங்க, அதால நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பின்னாடி பொடி எழுத்துல இருக்கு பாருங்க, அதுதான் விஷயம். எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், குளோனாசிபாம் 0.5 மில்லிகிராம். அதாவது ஒரே மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்து. இவங்களுக்கு அதுவே தெரியாது.

நம்ம ஊர்ல இந்த மாதிரி ஜோடி மாத்திரை ரொம்ப சகஜம். இதுக்கு ஒரு காரணமும் இருக்கு. எஸ்சிட்டலோபிராம் எஸ்எஸ்ஆர்ஐங்கிற வகை. மனச்சோர்வு, பதற்றம் ரெண்டுக்கும் குடுப்பாங்க. வேலை செய்ய ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் வரைக்கும் எடுக்கும். குளோனாசிபாம் பென்சோடயஸபைன் வகை, அரை மணி ஒரு மணி நேரத்துல பதற்றத்தை இறக்கி தூங்க வச்சுடும். மெதுவான மருந்து வேலையை ஆரம்பிக்கிற வரைக்கும் வேகமான மருந்து தாங்கிப் பிடிக்கணும்ங்கறதுதான் கணக்கு.

கணக்கு சரிதான். சிக்கல் எங்கன்னா, ரெண்டோட ஆயுசும் வேற வேற. முதலாவதை மாசக்கணக்குல எடுக்கணும். ரெண்டாவதை ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்கு மேல தொடர்ச்சியா எடுக்க வேண்டாம்னு பிரிட்டன்ல 1988லயே அறிவுறுத்திட்டாங்க. அமெரிக்க எஃப்டிஏ 2020ல இந்த வகை மருந்து எல்லாத்துக்கும் மருந்துத் தகவல் குறிப்புல கட்டம் கட்டின எச்சரிக்கை போட வச்சது, உடம்பு இதை நம்பி இருக்கப் பழகிடும்னு. ரெண்டையும் ஒரே மாத்திரையில அடைச்சுட்டா, ஒண்ணைத் தொடர்ந்து இன்னொண்ணை மட்டும் குறைக்கறது எப்படி? முடியாது. எங்க பாஷையில சொன்னா, தனித்தனியா ரோல்பேக் பண்ண வேண்டிய ரெண்டு மாற்றத்தை ஒரே கமிட்ல போட்ட கதை.

அதனால டாக்டர்கிட்ட முதல் கேள்வி இதுதான்: "இதுல ரெண்டு மருந்து இருக்கே டாக்டர், ரெண்டும் எனக்கு வேணுமா? வேணும்னா தனித்தனி மாத்திரையா எழுதித் தர முடியுமா?" இதுல அவரைக் குறை சொல்ற தொனியே இல்லை. தனித்தனியா எழுதறதுல அவருக்கு எந்தக் கஷ்டமும் கிடையாது.

"மாத்திரை பழகிடும்"

எங்க அம்மா சொன்னது. உங்க அம்மாவும் சொல்லியிருப்பாங்க. "ஒரு தடவை ஆரம்பிச்சா விட முடியாதாம்டா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி பத்து வருஷமா சாப்பிடறாங்க."

ரொம்ப நாள் இதை நான் அறியாமைன்னு நினைச்சேன். இப்போ அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மா பாதி சரி. எந்த மாத்திரைங்கறதைப் பொறுத்தது. பென்சோடயஸபைன் வகையில டோஸ் பத்தாம போகும், கூட்டத் தோணும், திடீர்னு நிறுத்தினா நடுக்கம், தூக்கமின்மை, நீண்ட நாள் அதிக டோஸ் எடுத்தவங்களுக்கு வலிப்பு வரைக்கும் வரலாம். பழகிடும்ங்கற வார்த்தை அதுக்கு அப்படியே பொருந்தும். எஸ்எஸ்ஆர்ஐ அந்த அர்த்தத்துல போதை கிடையாது. யாரும் அதுக்காக ஏங்கறது இல்லை, ஒண்ணுக்கு ரெண்டா போட்டா ஜாலியாவும் இருக்காது. ஆனா உடம்பு அதுக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கும், சட்டுனு நிறுத்தினா எதிர்ப்பு காட்டும். இதை "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ற டாக்டர்களும் இருக்காங்க, "ஆயுசுக்கும் விட முடியாது"ன்னு சொல்ற சொந்தக்காரங்களும் இருக்காங்க. ரெண்டு பேரும் மிகைப்படுத்தறாங்க.

2024ல லான்செட் சைக்யாட்ரி இதழ்ல ஜெர்மன் ஆராய்ச்சியாளர்களோட ஒரு பெரிய தொகுப்பு வந்துச்சு. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தினவங்கள்ல நூத்துல சுமார் 31 பேருக்கு ஏதாவது ஒரு அறிகுறி இருந்திருக்கு. ஆனா வெறும் டம்மி மாத்திரையை நிறுத்தினவங்கள்லயும் 17 பேருக்கு இருந்துச்சு! ஆக, மருந்தை நிறுத்தினதாலேயே வந்ததுன்னு சொல்லக்கூடியது ஆறேழு பேர்ல ஒருத்தருக்கு. ரொம்பக் கடுமையா வந்தது சுமார் 35 பேர்ல ஒருத்தருக்கு.

ரெட்டிப்பு என்றால் எத்தனை?

அவங்க மாத்திரையைப் பிரிக்காததுக்கு முக்கிய காரணம், கூகுள்ல பார்த்த ஒரு வரி: "இந்த மருந்து தற்கொலை எண்ணத்தை ரெட்டிப்பாக்கும்." படிச்சா யாருக்குத்தான் கை நடுங்காது?

அந்த எண் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்ப்போம். 2004ல எஃப்டிஏ குழந்தைகள், டீனேஜ் பசங்களை வச்சு நடந்த 24 சோதனைகளை மொத்தமா ஆராய்ஞ்சது. 4,400 பேருக்கு மேல. மருந்து எடுத்தவங்கள்ல நூத்துக்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ அந்த மாதிரி நடத்தையோ இருந்துச்சு, டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 2 பேருக்கு. அந்தச் சோதனைகள்ல ஒருத்தர்கூட உயிரை விடலை. 2007ல எச்சரிக்கையை 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. 24க்கு மேல அந்த அதிகரிப்பு தெரியலை, 65க்கு மேல குறையவே செஞ்சதுன்னும் அதே எச்சரிக்கையில இருக்கு.

ரெண்டு நாலாச்சுன்னா ரெட்டிப்பு, அது பொய் இல்லை. "நூறு பேர்ல கூடுதலா ரெண்டு பேர்"ங்கறதும் அதே உண்மைதான். முதல் வரி தலைப்புச் செய்திக்கு. ரெண்டாவது வரிதான் முடிவு எடுக்கறவங்களுக்கு உதவும். எந்த ரிஸ்க்கைப் பத்திக் கேட்டாலும், "எத்தனை மடங்கு"ன்னு கேக்காதீங்க. "என்னை மாதிரி நூறு பேர் இதைச் சாப்பிட்டா எத்தனை பேருக்கு வரும், சாப்பிடாத நூறு பேர்ல எத்தனை பேருக்கு வரும்"னு கேளுங்க. துல்லியமான எண் டாக்டர் கையில இல்லாமப் போகலாம். "ரொம்ப அபூர்வம்", "பத்துல ரெண்டு மூணு பேர்"ங்கற அளவுக்குச் சொன்னாலே பெரிய வித்தியாசம்.

அதுக்காக அந்த எச்சரிக்கையைத் தூக்கிப் போட்டுடவும் கூடாது. ஆரம்பிச்ச முதல் சில வாரம், டோஸ் மாத்தற நேரம், இந்த ரெண்டுலயும் உடம்புக்குள்ள ஒரு பரபரப்பு, உட்கார முடியாத தவிப்பு, இதுவரை வராத மோசமான எண்ணம் ஏதாவது வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. அன்னிக்கே டாக்டருக்குப் போன். வீட்லயோ ரூம்லயோ ஒருத்தருக்காவது நீங்க மாத்திரை ஆரம்பிச்சிருக்கறது தெரிஞ்சிருக்கணும், ஏன்னா மாற்றம் வெளியிலேர்ந்து பார்க்கறவங்களுக்கு முதல்ல தெரியும். யாரும் கிடைக்கலைன்னா 14416, டெலி-மானஸ். மத்திய அரசோட இலவச லைன், 24 மணி நேரமும் இருக்கும், தமிழ்லயே பேசலாம்.

சரி, பலன் எவ்வளவு?

ரிஸ்க்குக்கு நூத்துல எத்தனைன்னு கேட்டோம்ல, பலனுக்கும் அதே கேள்வியைக் கேக்கணும். இதைப் பல பேர் மறந்துடறாங்க.

2018ல லான்செட்ல வந்த தொகுப்பு 522 சோதனை, 1,16,477 பேர், 21 மருந்துகளை எடுத்துக்கிச்சு. 21-ம் டம்மி மாத்திரையைவிட மேல்தான். ஆனா வித்தியாசம் சராசரியா பார்த்தா மிதமானது. அமெரிக்காவுல ஸ்டார்-டின்னு ஒரு பெரிய ஆய்வு, 2006ல முடிவு வந்துச்சு. முதல் மருந்துலயே அறிகுறி கிட்டத்தட்ட முழுசா போனவங்க பத்துல மூணு பேர். அதாவது, முதல் மாத்திரை உங்களுக்கு முழுசா ஒத்துவரலைன்னா நீங்க விதிவிலக்கு இல்லை, பெரும்பான்மை. இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா, ஆறாவது வாரத்துல "எனக்கு எதுவுமே வேலை செய்யாது"ன்னு இடிஞ்சுபோய் உட்கார வேண்டாம்.

இன்னொண்ணு, எல்லாருக்கும் மாத்திரைதான் முதல் படின்னும் இல்லை. பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2022ல குடுத்த வழிகாட்டியில, லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையை வழக்கமான முதல் தேர்வா குடுக்காதீங்க, அவங்களே விரும்பினா குடுங்கன்னு இருக்கு. பேச்சு சிகிச்சை, உடற்பயிற்சிக் குழு எல்லாம் முதல்ல வருது. தீவிரமானதுக்கு மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்த்து. அதனால "எனக்கு இருக்கறது லேசா, நடுத்தரமா, தீவிரமா?"ங்கறது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. நம்ம ஊர் நிலவரம் என்னன்னா மாத்திரை மலிவு, தெரபி காஸ்ட்லி, நல்ல தெரபிஸ்ட் கிடைக்கறதும் கஷ்டம். டாக்டர் மாத்திரையை முதல்ல எழுதறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதையும் கேக்கலாம், தப்பில்லை.

அப்புறம், "செரோடோனின் குறைஞ்சுதான் மனச்சோர்வு வருதுங்கறதே பொய்னு நிரூபிச்சுட்டாங்களே"ன்னு வாட்ஸ்அப்ல வரும். 2022ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, அந்த எளிய விளக்கத்துக்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னு சொன்னது. சரிதான். ஆனா மருந்து வேலை செய்யுதாங்கறது தனிக் கேள்வி. பாராசிட்டமால் போட்டா தலைவலி போகுதுன்னா, உடம்புல பாராசிட்டமால் குறைஞ்சதாலயா தலைவலி வந்துச்சு?

இன்னொரு விஷயம் கஷ்டம் எப்போ வரும், பலன் எப்போ வரும்ங்கறது. இந்த மருந்துல கஷ்டம் முதல்ல வரும். குமட்டல், தலைவலி, வயிறு கலக்கம், தூக்கம் மாறறது, லேசான படபடப்பு எல்லாம் முதல் வாரத்துலேயே. பலன் மூணாவது நாலாவது வாரத்துல எட்டிப் பார்க்கும். பத்தாவது நாள் நிலவரத்தை மட்டும் வச்சு முடிவு எடுத்தா, மைனஸ் முழுசா வந்திருக்கும், பிளஸ் வந்திருக்கவே இருக்காது. நிறைய பேர் அந்த இடத்துலதான் நிறுத்தறாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் எடுக்கறது, முதல் வாரம் 5 மில்லிகிராம்ல ஆரம்பிக்கறது, இதெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம். பாதியா உடைச்சு சாப்பிடற முடிவை நீங்களே எடுக்காதீங்க, சில மாத்திரையை உடைக்கவே கூடாது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுத்து வைங்க. பிஎச்க்யூ-9ன்னு ஒன்பது கேள்வி இருக்கு, மூணு நிமிஷ வேலை, ஸ்கோர் 0லேர்ந்து 27. தேதி போட்டு நோட்ல எழுதிக்கோங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடுங்க. மனசு சரியில்லாதப்போ ஞாபகம் நம்பக்கூடியது இல்லை. "ஒரு மாற்றமும் இல்லை டாக்டர்"னு நான் சத்தியம் பண்ணின அன்னிக்கு என் ஸ்கோர் 19லேர்ந்து 12க்கு வந்திருந்துச்சு. லாக் பார்க்காம பக் ரிப்போர்ட் எழுதற ஜூனியர் மாதிரி இருந்தேன்.

நான் சொல்லாத காரணம்

இப்போ என் கதை. பத்தாவது வாரம். நல்லா இருந்தேன். தூங்கினேன், சாப்பிட்டேன், ஸ்பிரின்ட் முடிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை, நானே நிறுத்திட்டேன். 10 மில்லிகிராம்லேர்ந்து நேரா பூஜ்யம்.

புதன்கிழமை காலையில தரமணி சிக்னல்ல வண்டியில நிக்கறேன். தலையைத் திருப்பினேன், மண்டைக்குள்ள கரன்ட் ஷாக் அடிச்ச மாதிரி ஒரு சொடுக்கு. திரும்ப இந்தப் பக்கம் திருப்பினா இன்னொண்ணு. பின்னாடி ஹார்ன் அடிக்கறாங்க, எனக்கு கிளட்ச் எங்க இருக்குன்னே தெரியலை. வண்டியை ஓரம் கட்டி, பிளாட்பாரத்துல உட்கார்ந்து, மூளையில கட்டின்னு முடிவு பண்ணினேன். சாயங்காலம் அழுகை வந்துச்சு, எரிச்சல் வந்துச்சு. சரி, பழைய வியாதி திரும்ப வந்துடுச்சு, நான் அவ்வளவுதான்னு தோணிச்சு.

ரெண்டும் இல்லை. மருந்து நின்னதோட எதிர்வினை. எஸ்சிட்டலோபிராம் உடம்புல பாதியாக் குறைய சுமார் 30 மணி நேரம் ஆகும். மூணு நாள்ல பெரும்பகுதி காலி. நிறுத்தின சில நாள்லேயே வந்து, தலைசுத்தல், ஷாக் மாதிரி புதுசா அறிகுறி இருந்தா அது பெரும்பாலும் நிறுத்தினதோட விளைவு. பழைய வியாதி திரும்பறதா இருந்தா பொதுவா வாரக்கணக்குல மெதுவா, பழைய முகத்தோடயே வரும். இந்த வித்தியாசம் தெரியாம, "பாருங்க, மாத்திரை இல்லாம என்னால இருக்க முடியலை"ன்னு முடிவு கட்டிடறவங்க நிறைய.

டாக்டர்கிட்ட போனேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். மேடம் திட்டலை. "ஏன் நிறுத்தினீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. "அம்மா பழகிடும்னு சொன்னாங்க மேடம்"னு சொன்னேன்.

அது பொய். உண்மையான காரணம் வேற. மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரத்துலேர்ந்து செக்ஸ்ல எனக்கு எதுவுமே சரியா இல்லை. ஆசையும் இல்லை, உடம்பும் ஒத்துழைக்கலை. எஸ்எஸ்ஆர்ஐக்கு இது ரொம்ப சாதாரண பக்கவிளைவு. நோயாளியா வாயைத் திறந்து சொன்னா குறைவாத்தான் தெரியும், டாக்டர் நேரடியா கேட்டா எண்ணிக்கை பல மடங்கு ஏறும், ஆய்வுகள்லயே அப்படித்தான் வருது. எனக்கு யாரும் முன்னாடி சொல்லலை, நானும் கேக்கலை. ஒரு லேடி டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பத்து வாரம் முழுங்கிட்டு, கடைசியில மாத்திரையையே தூக்கிப் போட்டேன். பழியை அம்மா மேல போட்டேன்.

ரெண்டாவது தடவை போனப்போதான் சொன்னேன். சொல்லி முடிக்க பத்து செகண்ட்கூட ஆகலை. மேடம் முகத்துல ஒரு மாற்றமும் இல்லை, எழுதிக்கிட்டே, "இதுக்கு நாலு வழி இருக்கு"ன்னாங்க. கொஞ்ச நாள் காத்திருந்து பார்க்கறது, டோஸைக் குறைக்கறது, பியூப்ரோபியானோ மிர்டாசபினோ மாதிரி இந்தத் தொல்லை குறைவா இருக்கிற மருந்துக்கு மாறறது, இல்லைன்னா அதோட இன்னொண்ணு சேர்க்கறது. ஒவ்வொண்ணுக்கும் என்ன விலை குடுக்கணும்னும் சொன்னாங்க. மிர்டாசபின்ல எடை ஏறும், தூக்கம் அசத்தும். நான் டோஸ் குறைக்கறதைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு அது போதுமா இருந்துச்சு. சில பேருக்குப் போதாது. அபூர்வமா, மருந்தை நிறுத்தின அப்புறமும் இந்தப் பிரச்சினை தொடர்றதாவும் பதிவாகியிருக்கு, அதையும் மேடம் மறைக்கலை.

பக்கவிளைவுகளை எடை போடறது டாக்டர் வேலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு எது எவ்வளவு கனம்னு நான் சொல்லாம அவங்களால எப்படி எடை போட முடியும்? ஒருத்தருக்கு அஞ்சு கிலோ ஏறினா பரவாயில்லை, இன்னொருத்தருக்கு அதுவே மாத்திரையை நிறுத்த வைக்கும். நைட் ஷிஃப்ட் டிரைவருக்கு தூக்கக் கலக்கம் உயிர்ப் பிரச்சினை.

நிறுத்தறதைப் பத்தி ஆரம்பத்துலேயே பேசுங்க

முதல் தடவை மனச்சோர்வு வந்தவங்களுக்கு, சரியான அப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரச் சொல்றது வழக்கம். திரும்பத் திரும்ப வந்தவங்களுக்கு அதுக்கும் மேல. இங்கிலாந்துல 478 பேரை வச்சு ஆன்ட்லர்னு ஒரு சோதனை, 2021ல வெளியாச்சு. எல்லாரும் ரொம்ப நாளா மாத்திரை எடுத்து, நல்லா இருந்து, நிறுத்தலாமான்னு யோசிச்சவங்க. ஒரு வருஷத்துல, தொடர்ந்தவங்கள்ல 39 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்துச்சு. படிப்படியா நிறுத்தினவங்கள்ல 56 சதவீதம். இதை ரெண்டு விதமாவும் படிங்க. மாத்திரை நிஜமாவே பாதுகாக்குது. அதே நேரம், நிறுத்தியும் நல்லா இருந்தவங்க நூத்துக்கு 44 பேர். எந்தப் பக்கம் போறதுங்கறது எண் சொல்லாது. போன தடவை எவ்வளவு மோசமா இருந்துச்சு, இப்போ வாழ்க்கையில என்ன நடக்குது, இதெல்லாம் சேர்ந்துதான் சொல்லும்.

நிறுத்தறதா இருந்தா படிப்படியா. கடைசிப் படிகள் இன்னும் சின்னதா. மருந்தோட பிடி டோஸுக்கு நேர்விகிதத்துல இருக்கறது இல்லை. பத்துலேர்ந்து அஞ்சுக்கு வர்றப்போ பெருசா தெரியாது, அஞ்சுலேர்ந்து பூஜ்யத்துக்கு வர்றப்போதான் தூக்கிவாரிப் போடும். எனக்கு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

ஊசிமுனை மாதிரி சில மருந்துகள்

இதுவரை சொன்னது ஒரு வகையைப் பத்தி. எல்லா மனநல மருந்தும் ஒரே தராசு இல்லை. பைபோலாருக்குக் குடுக்கிற லித்தியத்தை எடுத்துக்கோங்க. 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட் இதைப் பத்தி எழுதினார். இன்னிக்கும் பைபோலாருக்கு இது முன்னணி மருந்து, தற்கொலை அபாயத்தைக் குறைக்கறதுல நல்ல பேர் வாங்கினது. அதே நேரம் ரொம்பக் குறுகலான பாதை. ரத்தத்துல லிட்டருக்கு 0.6லேர்ந்து 1.0 மில்லிமோல் சுத்தி இருக்கணும், 1.5 தாண்டினா விஷமாக ஆரம்பிக்கும். அதனால ரெகுலரா ரத்தப் பரிசோதனை, கிட்னி, தைராய்டு எல்லாம் பார்க்கணும். சென்னை மே மாசத்துல வேர்த்துக் கொட்டி தண்ணி குடிக்காம இருந்தா, வாந்தி பேதின்னு படுத்தா, மெடிக்கல்ல சாதாரணமா கேட்டு வாங்கற இபுப்ரோஃபென் போட்டாக்கூட அந்த அளவு ஏறிடும். உப்பைத் திடீர்னு குறைச்சாலும் ஏறும். டாக்டர் இதைச் சொல்லலைன்னா நீங்க கேட்டு வாங்கணும்.

வால்புரோயேட் இன்னொண்ணு. வலிப்புக்கும் பைபோலாருக்கும் குடுக்கறது. கர்ப்ப காலத்துல எடுத்தா பத்துக் குழந்தைகள்ல ஒண்ணுக்குப் பிறவிக் குறைபாடு, பத்துல மூணு நாலு குழந்தைக்கு வளர்ச்சிப் பிரச்சினை. அதனாலதான் ஐரோப்பாவுல 2018லேர்ந்து கருத்தடை ஏற்பாடு இல்லாம இளம் பெண்களுக்கு இதைக் குடுக்கக் கூடாதுன்னு கெடுபிடி. நம்ம ஊர்ல கல்யாணப் பேச்சு எடுத்ததும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு வீட்லயே மாத்திரையை நிறுத்திடறாங்க, இல்லைன்னா ஒளிச்சு வச்சு சாப்பிடச் சொல்றாங்க. ரெண்டுமே அந்தப் பொண்ணு தலையில விடியுது. மாசக்கணக்குல முன்னாடியே டாக்டர்கிட்ட பேசினா வேற மருந்துக்குப் பத்திரமா மாத்த நேரம் இருக்கும்.

அந்த எட்டு நிமிஷம்

"டாக்டருக்கு நேரமே இல்லையே, இவ்வளவு எப்படிக் கேக்கறது?" உண்மைதான். வெளியில நாப்பது பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் பண்றது, போன்ல அஞ்சு வரி எழுதிட்டுப் போய் உட்கார்ந்ததும் போனை அவங்க பக்கம் திருப்பிக் காட்டறது. படிக்க இருபது செகண்ட். வாய்ல வராத விஷயம்கூட எழுத்துல வந்துடும், என்னோட அந்த விஷயம் மாதிரி.

அதுல நீங்க சொல்ல வேண்டியதும் இருக்கணும். வேற என்ன மாத்திரை போடறீங்க, பீரியட்ஸ் வலிக்குப் போடற பெயின்கில்லர் உட்பட. எஸ்எஸ்ஆர்ஐயோட அது சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு அபாயம் கொஞ்சம் கூடும். சித்தா, ஆயுர்வேதம், ஜிம் பவுடர், சனிக்கிழமை சரக்கு, கஞ்சா எல்லாம். அவங்க போலீஸ் இல்லை. முக்கியமா, எப்பவாவது நாலஞ்சு நாள் தூங்காமலே செம எனர்ஜியோட, காசை இஷ்டத்துக்குச் செலவு பண்ணிக்கிட்டு இருந்ததுண்டா, வீட்ல யாருக்காவது பைபோலார் உண்டா. இது தெரியாம மனச்சோர்வு மாத்திரையை மட்டும் குடுத்தா சில பேருக்கு மறுபக்கம் எகிறிடும். தைராய்டு டெஸ்ட் பார்த்தாச்சான்னும் கேளுங்க, அது குறைஞ்சாலும் இதே சோர்வுதான் வரும்.

கேக்கறது உங்க உரிமையும்கூட. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல, 22வது பிரிவு: வியாதி என்ன, சிகிச்சைத் திட்டம் என்ன, தெரிஞ்ச பக்கவிளைவு என்னங்கற தகவலை, உங்களுக்குப் புரியற மொழியில பெற உங்களுக்கு உரிமை இருக்கு. சட்டத்தைச் சொல்லி மிரட்டச் சொல்லலை. கேக்கறப்போ குரல் கம்மாம இருக்க இது தெரிஞ்சிருந்தா போதும். ரெண்டு தடவை கேட்டும் "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, குடுத்ததைச் சாப்பிடு"ன்னு சொன்னா, இன்னொரு டாக்டரைப் பாருங்க. நான் தயங்காம சொல்ற ஒரே அட்வைஸ் இதுதான்.

கடைசியா வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு ஒண்ணு. டிராயர்ல மாத்திரை இருக்கிற ஒன்பது நாளும் நீங்க எந்த முடிவும் எடுக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. ஆனா அந்த ஒன்பது நாளும் மூணு மணிக்கு முழிப்பு வந்துச்சு, காலுக்கு முன்னாடி அழுகை வந்துச்சு. மாத்திரை எடுக்காத பக்கத்துலயும் ஒரு செலவு ஓடிக்கிட்டே இருக்கு, அதையும் கணக்குல எழுதணும். எழுதிப் பார்த்துட்டு "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தெரபி பார்க்கறேன், ஆறு வாரம் கழிச்சு திரும்ப வர்றேன்"னு டாக்டர்கிட்ட சொன்னா அதுவும் முடிவுதான். ஸ்ட்ரிப்பை பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.

(சேர்க்கை: எபிசோட் வெளியாவதற்கு முந்தைய நாள் அவங்ககிட்டேர்ந்து மெசேஜ் வந்துச்சு. புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அப்பாயின்ட்மென்ட். கேள்விகளை எழுதி வச்சிருக்காங்களாம், அஞ்சு இல்லை, பதினொண்ணு.)

அடுத்த வாரம், நம்ம பட்ஜெட்ல தெரபிஸ்ட் தேடறது எப்படின்னு பேசலாம். பை மக்களே.